பின்வரிசை முரசு

இசைத்தட்டொன்றை விரும்பிக் கேட்போரிடம் அதனைப் பாடியவர் யாரென வினவினால் உடனே விடை வரும். பின்னாலிருந்து தாளக்கருவி இசைத்தவர் யாரென வினவினால் மௌனமே எஞ்சும். உழைப்பின் பயனை நுகர்ந்துவிட்டு உழைத்தவனை மறந்துபோகும் வழக்கம் கலையுலகுக்கும் புறம்பானதன்று. பிறர் பாடல்களுக்குக் கூலிக்குத் தாளமிட்டு வந்த ஒருவர், அந்த முரசையே முன்வரிசைக்குக் கொணர்ந்து ஓர் இசைத்தட்டை உருவாக்கினார். றால்ஃப் மக்டொனால்ட் என்பது அவர் பெயர். 1978ஆம் ஆண்டில் வெளிவந்த அத்தட்டின் பெயர் 'த பாத்'. 'பாதை' என்பது அதன் பொருள்.

மக்டொனால்ட் 1944ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியிற் பிறந்தவர். பெற்றோர் திரினிடாட்டிலிருந்து வந்தவர்கள். தந்தையார் 'மக்பெத் த கிரேட்' என்னும் பட்டப்பெயருடன் கலிப்சோப் பாடல்களைப் பாடியவர். பதினேழாவது வயதில் மக்டொனால்ட் ஹரி பெலபொன்ரேயின் குழுவிற் சேர்ந்தார். பெலபொன்ரே கலிப்சோவை அமெரிக்க இல்லங்கள்தோறும் ஒலிக்கச் செய்த பாடகர். கறுப்பின மக்களின் குடியுரிமைப் போராட்டத்திலும் முன்னின்றவர். அக்குழுவிற் கழித்த ஏறக்குறையப் பத்தாண்டுகளே இவ்விளைஞருக்குப் பல்கலைக்கழகமாயின.

பின்னர் அவர் ஒலிப்பதிவுக்கூடங்களின் தொழிலாளியானார். தொழிலாளி என்ற சொல்லை நான் அலங்காரத்துக்காக இங்கே கையாளவில்லை. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலில் மூன்று மணி நேரம் ஓர் அமர்வெனக் கொள்ளப்படும். தொழிற்சங்கம் போராடிப் பெற்ற ஊதிய விகிதப்படி அதற்குக் கூலி வழங்கப்படும். தட்டு பத்து இலட்சம் விற்பனையானாலும் அவ்விலாபத்திற் பின்வரிசைக் கலைஞனுக்குப் பொதுவாகப் பங்கில்லை. அந்நாட்டின் வழமையான வானொலி நிலையங்கள் இன்றும் பாடலை இயற்றியவருக்கும் பதிப்பாளருக்குமே உரிமைப்பணம் செலுத்துகின்றன. வாசித்தவனுக்கு ஒரு சதமும் இல்லை.

மக்டொனால்ட் இந்த ஏற்பாட்டின் உட்கிடையை நன்கு விளங்கிக்கொண்டார். வில்லியம் சோல்ரர், வில்லியம் ஈற்றன் ஆகிய நண்பர்களுடன் சேர்ந்து 'அன்ரீசியா' என்னும் இசைப் பதிப்பகத்தை நிறுவினார். முரசறைந்த கை எழுதுகோலையும் ஏந்தியது. 1972இல் றொபேட்டா ஃபிளக்கும் டொனி ஹதவேயும் பாடிப் புகழடைந்த 'வேர் இஸ் த லவ்' அவரும் சோல்ரரும் இயற்றியது. 1980இல் பில் விதேர்ஸ் பாடிய 'ஜஸ்ற் த ரூ ஒஃப் அஸ்' பாடலின் ஆசிரியர் மூவருள்ளும் அவர் ஒருவர். 1976இல் தமது பெயரில் 'சவுண்ட் ஒஃப் எ டிரம்' என்ற தட்டை வெளியிட்டார். ஜாஸ் இசையின் கற்பனையும், கேட்போரின் கால்களை நிலத்தில் நிற்கவிடாத ஃபங்க் இசையின் அழுத்தமும், கரிபியன் தாளமும் அதிற் கலந்தன. அதிலுள்ள 'கலிப்சோ பிரேக்டவுன்' 1977இல் 'சற்றடே நைற் ஃபீவர்' திரைப்படத்தின் இசைத்தட்டிலும் இடம்பெற்று உலகெங்கும் பரவியது.

எனினும் எனது உள்ளத்தைத் தொட்டது 'த பாத்' என்ற தட்டே. அதன் ஒரு பக்கத்தைப் பதினேழு நிமிடத்துக்கு மேல் நீளும் தலைப்புப் பாடலொன்றே நிறைத்து நிற்கின்றது. முரசு ஆபிரிக்காவிற் புறப்பட்டு, கரிபியன் தீவுகளைக் கடந்து, அமெரிக்க நகரத்தின் நடன அரங்கை வந்தடைகின்றது. கேட்பவர் இதனை உல்லாசப் பயணமெனக் கருதலாகாது. அந்தப் பாதை அடிமைக் கப்பல்கள் சென்ற பாதையாகும்.

1739இல் தென் கரோலினாவின் ஸ்ரோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அங்கு இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதைத் தடுத்தது. திரினிடாட்டில் 1881இல் களியாட்ட ஊர்வலத்தில் மக்களுக்கும் பொலிசாருக்கும் மோதல் மூண்டது. 1884இல் அமைதிப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சட்டம் முரசொலியை ஒடுக்கியது. மக்கள் வாளாவிருந்தனரா? மூங்கிலை வெட்டி நிலத்தில் மோதித் தாளமெழுப்பினர். 1930களில் பிஸ்கட் தகரங்களைத் தட்டினர். எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தட்டை அடித்து வளைத்துச் சுரங்களைப் பிறப்பித்தனர். எஃகு முரசு இவ்வாறே பிறந்தது.

அதே 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அத்தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த இந்தியர் தாசா முரசறைந்து முகரம் ஊர்வலம் சென்றனர். தடையை மீறி நகருக்குட் புக முயன்ற அவர்கள்மீது சன்பெர்னாண்டோ நகரருகே பொலிசார் சுட்டனர், பலர் மாண்டனர். கல்கத்தாவிலிருந்து மட்டுமன்றிச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அத்தீவுக்கு ஒப்பந்தக் கூலிகள் ஏற்றிச் செல்லப்பட்டனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. முரசுக்கு அஞ்சிய ஆட்சி, அறைபவனின் இனத்தையோ மதத்தையோ பார்த்து அஞ்சவில்லை. உழைப்பவர் ஒன்றுகூடுவர் என்றே அஞ்சிற்று.

நான் தமிழ் கற்பிப்பவன். புறநானூற்றுப் பாடலொன்று பறையனைப் போற்றத்தக்க குடிகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. ஆயினும் வகுப்பறையில் அச்சொல்லை உச்சரிக்கும்போது எங்கோ ஒரு மூலையில் அடக்கிய சிரிப்பெழுவதை நான் கேட்டிருக்கிறேன். அச்சிரிப்பைப் பிள்ளைகள் தாமாகக் கற்கவில்லை. வீட்டிலும் வீதியிலும் நாம் கற்பித்தோம். எங்கள் சமூகத்தில் முரசைத் தடைசெய்யச் சட்டம் தேவைப்படவில்லை. அறைபவனை இழிந்தவனாக்கியதே போதுமானதாயிற்று.

மேல்வகுப்பு மாணவனொருவன் என்னிடம் தொடுத்த வினாவையும் இங்கே கூறவேண்டும். "அன்று தடுத்தவர்கள் இன்று அதே முரசை விற்றுப் பணமாக்குகிறார்கள். மக்டொனால்டும் பதிப்பக முதலாளியாகிவிட்டார். இதில் விடுதலை எங்கே இருக்கிறது, சேர்?" வினா நியாயமானது. சந்தை எதனையும் பண்டமாக்க வல்லது. நடன அரங்கில் ஆடியோருட் பலர் அத்தாளத்தின் பின்னாலிருந்த குருதியை அறிந்திரார். ஒருவர் தம் உழைப்பின் உரிமையை மீட்டதால் ஒலிப்பதிவுக்கூடத்தின் ஏனைய கலைஞரின் நிலை மாறிவிடவுமில்லை. ஆனால் பண்டமாக்கப்பட்ட ஒன்றினுள்ளேயே அதன் வரலாற்றைப் பதித்து வைப்பதும் ஒருவகைப் போராட்டமே. 'த பாத்' அதனைச் செய்தது. மற்றப் பாதி கூட்டாகச் செய்யப்பட வேண்டிய காரியம். அதனை எந்த இசைத்தட்டும் நமக்காகச் செய்துதராது.

மக்டொனால்ட் 2011 டிசம்பரில் மறைந்தார். அவரது கைபட்ட தாளங்களை அவர் பெயரறியாத கோடிக்கணக்கானோர் நாள்தோறும் கேட்கின்றனர். இனி ஒரு பாடல் நம்மைக் கவரும்போது, உறையின் பின்புறத்திற் சிறிய எழுத்தில் உள்ள பெயர்களையும் வாசிப்போம். நம்மூர்க் கோயில் வீதியிலும் மரணவீட்டு முற்றத்திலும் முரசறைந்து நிற்பவருக்கு ஓர் எழுத்தும் எங்கும் பொறிக்கப்படவில்லை. அவரிடம் நேரிற் சென்றே பெயரைக் கேட்கவேண்டும்.