பறை வாசலோடு நிற்கட்டுமாம்

தி.நகரில் நாங்கள் போகிற சபையில், பரமண்டல ஜெபத்தைப் பாட்டாகப் பாட ஒத்திகை ஆரம்பித்தோம். கீர்த்தனை அல்ல, ஆர்கனோடு நாலு குரலில் பாடுவதும் அல்ல. தியாஃபிலஸ் அப்பாவு போட்ட பாட்டு. வந்தவர்களில் பாதிப்பேர், அடையாற்றங்கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள். ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறி இன்னும் பழைய சபைக்கே வருகிறார்கள்.

அப்பாவுவைத் தெரியாத தோழர்களுக்கு: மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 'பரட்டை' என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டவர். 2005இல் இறந்தார். ஆராதனையையே நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத்தமிழிலும் பறையோடு அமைத்தார். மத்தேயு 6ஆம் அதிகாரத்து ஜெபத்தில் 'பிதாவே' வருகிற இடத்தில் அவர் 'பெத்தவரே' என்று கூப்பிடுகிறார். அம்மாவும் அதில் அடக்கம். (நம் வீட்டில் யார் அப்பாவைப் 'பிதாவே' என்று கூப்பிட்டிருக்கிறோம்?) ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் அவருடைய இறையியலுக்கு நடு. சாதிக்கொரு வரிசையும் சாதிக்கொரு கல்லறையும் வைத்திருந்த சபைகளுக்கு இது வெறும் மெட்டு மாற்றம் இல்லை.

பாட்டை யாரும் தடுக்கவில்லை. பறையைத்தான் தடுத்தார்கள். "சாவு மோளத்தப் பீடத்துக்கு முன்னாடியா அடிப்பீங்க? தபலா வச்சுக்கங்கப்பா" என்றார் கமிட்டியில் ஒரு பெரியவர். அவர் ஆதிக்கச் சாதிக்காரர் அல்ல, எங்கள் தெரு ஐயாதான். அவருடைய அப்பா செங்கல்பட்டுப் பக்கம் ஊர்ச்சாவுக்கெல்லாம் கூலியில்லாமல் அடித்தவர். பறையைக் கீழே போட்ட நாள்தான் அந்தக் குடும்பத்துக்கு விடுதலை நாள். "அத நீங்க மறுபடி கையில எடுக்கிறீங்க" என்று அவர் சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. புத்தகத்தில் படித்த 'மீட்டெடுத்தல்' எல்லாம் அவர் முகத்துக்கு முன்னால் லேசாகிவிட்டது.

ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அதே பீடத்துக்கு முன்னால் மிருதங்கம் வாசித்து வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை பாடுகிறோமே, அதுவும் மாட்டுத்தோல்தானே ஐயா? அதைச் செய்யும் கைகளில் மிகப் பல தலித் கிறிஸ்தவர்களுடையவை என்று டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். 2020இல் அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் மேடையேறலாம், உரித்தவன் பேர் ஏறக்கூடாது. திருவான்மியூரில் நடந்ததைக் கண்டித்துப் பதிவு போட்ட நாங்கள், எங்கள் சபை வாசலில் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

ஐயா பதில் சொல்லவில்லை. "எவன் அடிக்கப்போறான்?" என்று மட்டும் கேட்டார். சாவுக்குக் கூப்பிட்டால் போகமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன் அடிப்பான் என்றோம். பெரும்பாக்கத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, "அடிப்பாள்" என்று திருத்தினாள்.

கமிட்டி அடுத்த ஞாயிறு கூடுகிறது. சனிக்கிழமை மாலை ஒத்திகை இருக்கிறது. பறை காய்ச்ச வைக்கோல்தான் தி.நகரில் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள்.