எஸ்.ஆர்.எஸ். யார் தலையில?

உங்க ப்ராஜெக்ட் டீம்ல எஸ்.ஆர்.எஸ். எழுதுறது யார்? கோடிங் தெரிஞ்சவங்க கோடிங் எடுத்துக்குவாங்க. இங்கிலீஷ் கொஞ்சம் நல்லா வரும்னு பேர் வாங்கினவர் தலையில டாக்குமெண்ட் விழும். சீனியர்கிட்ட பழைய ஃபைல் வாங்கி, தலைப்பை மாத்தி, ரிவ்யூவுக்கு முந்தின நாள் ஸ்பைரல் பைண்டிங். சரிதானே?

அப்படின்னா ஏரியன் 5 விசாரணை அறிக்கையை ஒருமுறை படிங்க. 1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய அந்த ராக்கெட், சுமார் 40 விநாடியில் சிதறிப்போனது. உள்ளே நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது ஓவர்ஃப்ளோ. இதுவரைக்கும் வகுப்பிலேயே சொல்லியிருப்பாங்க.

என்னை நிறுத்திய இடம் வேற. அந்த மென்பொருள் ஏரியன் 4-லிருந்து அப்படியே வந்தது. அங்கே ஒழுங்காக ஓடியது. ஏரியன் 5-க்குக் கிடைமட்ட வேகம் அதைவிட ரொம்பச் சீக்கிரமா ஏறும். ஆனால் ஏரியன் 5-இன் பாதைத் தரவை அந்தக் கருவியின் ஸ்பெசிஃபிகேஷனில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கூட்டாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தர் மறந்துபோகலை. எல்லாரும் சேர்ந்து விட்டிருக்காங்க. மாற்றுக் கருவி ஒண்ணு இருந்தது. அதுலயும் அதே மென்பொருள், அதுவும் அதே காரணத்தால நின்னுபோச்சு.

எங்க டீம் செய்றது ஹாஸ்டல் மெஸ் டோக்கன் ஆப். எஸ்.ஆர்.எஸ். என் கையில. ஒரே டோக்கனை ரெண்டு ஃபோன்ல காட்டினா என்ன ஆகும்னு கேட்டேன். ஒருத்தி, ‘ரெண்டாவது ரிஜெக்ட்’ன்னா. ஒருத்தன், ‘ரெண்டும் போகட்டும், ராத்திரி கணக்குல பிடிச்சுக்கலாம்’னான். மூணாவது ஆள், ‘அப்படியெல்லாம் யார்டா பண்ணுவாங்க?’ (நம்ம ஹாஸ்டல்லயா!) மூணு பேருமே அவங்கவங்க பதிலை வச்சு கோட் எழுத ஆரம்பிச்சிருந்தாங்க.

டைப் பண்றேன், ஆனா முடிவையெல்லாம் நான் ஒருத்தனே எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்போ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அதை முடிவு செஞ்சவர் பேர் இருக்கு. பேர் போடணும்னதும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. ‘யூசர் ஃப்ரெண்ட்லியா இருக்கணும்’ங்கிற வரிக்கு யாருமே பேர் தரலை, தூக்கிட்டோம். நெட் இல்லாதப்போ ஸ்கேன் பண்ணா என்ன ஆகும்ங்கிற வரி மட்டும் இன்னும் பேர் இல்லாம கிடக்கு. வர்ற திங்கள் ரிவ்யூ.