ராபின் ஹூட் ஊரில் ஒரு பொம்மைச் சண்டை

நாட்டிங்காம் கோட்டை வாசலில் ராபின் ஹூட் வில்லை வளைத்தபடி வெண்கலத்தில் நிற்கிறார். 1952-லிருந்து அதே போஸ். அவருடைய அம்பை மட்டும் அவ்வப்போது யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். பணக்காரர்களிடம் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்த மனுஷனுக்கே இந்தக் கதி!

"போட்டோ பிடிச்சது போதும், வாடா. கார்ல பையன் குதிக்கிறான்" என்றான் நண்பன்.

நண்பனும் நானும் பி.காம். மூன்று வருஷமும் ஒரே பெஞ்ச். அவன் அதை வைத்துக்கொண்டு இங்கிலாந்தில் அக்கவுண்டன்ட் ஆனான். நான் எழுத வந்துவிட்டேன். 2025 செப்டம்பரில் மூன்று நாள் அவன் வீட்டில் தங்கியபோது, ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பைப் பதின்மூன்று வயது மகன் தட்டிப் பறித்துக்கொண்டான். அவன் காட்ட விரும்பியது ஒரே ஓர் இடம்தான்.

கார் லென்டன் பக்கம் திரும்பியது. இந்த வட்டாரத்தில்தான் ஒரு காலத்தில் ராலி சைக்கிள் ஃபேக்டரி இருந்தது. எங்கப்பா ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த அதே ராலி. (அவருடையது நம்மூர் அசன்சோலில் செய்தது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வந்ததில்லை.) 2002-ல் இங்கே சைக்கிள் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். இன்று இந்த ஊரின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று பொம்மைச் சிப்பாய்கள். கேம்ஸ் வொர்க்ஷாப் என்று கம்பெனி. 1975-ல் லண்டனில் மூன்று நண்பர்கள் ஆரம்பித்தது, 1997-ல் தலைமையகத்தை இங்கே மாற்றிக்கொண்டது. அதன் வாசலில் ராட்சசக் கவசம் போட்ட ஒரு சிப்பாய் சிலை. உள்ளே கடை, கண்காட்சி, சாப்பாட்டு விடுதி, வரிசையாக மேஜைகள் போட்ட பெரிய ஹால். 'வார்ஹாமர் வேர்ல்டு' என்று பெயர். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையாததுதான் பாக்கி.

கண்காட்சியில் ஒரு யுத்தகளம் இருக்கிறது பாருங்கள், அசந்துபோனேன். தரையிலிருந்து கூரை வரை மலை, கோட்டை, இடிபாடு. அதில் கட்டைவிரல் உயரத்துக்கு ஆயிரக்கணக்கான சிப்பாய்கள். ஒவ்வொருவனுக்கும் கண்ணில் வெள்ளை, கண்மணி, கன்னத்தில் தழும்பு. நம்ம வீட்டு நவராத்திரிக் கொலுவை யாரோ நாற்பதாயிரமாவது வருஷத்துக்கு அனுப்பி, பொம்மைகள் கையில் துப்பாக்கியும் கொடுத்துவிட்ட மாதிரி.

ஆட்டம் இப்படி. மேஜையில் இரண்டு பேரும் படையை நிறுத்த வேண்டும். இன்ச் டேப் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். சுட வேண்டுமென்றால் பகடை உருட்ட வேண்டும். குறி பட்டதா என்று ஒரு உருட்டல், காயம் ஆனதா என்று இன்னொன்று, கவசம் தடுத்ததா என்று எதிராளி ஒன்று. நம்ம ஊர் தாயக்கட்டத்துக்கு மிலிட்டரி யூனிஃபார்ம் மாட்டினால் இதுதான்.

"அப்ப காசு ஜாஸ்தி இருக்கறவன் ஆயிரம் சிப்பாயைக் கொண்டுவந்து ஜெயிச்சுட மாட்டானா?" என்று கேட்டேன். தெருக் கிரிக்கெட்டில் வளர்ந்தவனுக்கு வரும் இயல்பான சந்தேகம். எங்கள் தெருவில் பேட் வைத்திருந்தவன்தான் ஓப்பனிங் பேட்ஸ்மேன். அவன் அவுட் என்று சொன்னால் பேட் வீட்டுக்குப் போய்விடும்.

"முடியாது அங்கிள். பாயிண்ட்ஸ் இருக்கே" என்றான் பையன்.

ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு மதிப்பெண் விலை. பெரிய ஆட்டத்துக்கு ஆளுக்கு 2,000 பாயிண்ட், இவன் ஸ்கூல் கிளப்பில் 1,000. அதற்குள்தான் படை திரட்ட வேண்டும். அம்பானி வந்தாலும் அதே ஆயிரம்தான். 'வார்லார்டு டைட்டன்' என்று ஒரு ராட்சச இயந்திரம், பவுண்டிலேயே ஆயிரத்துக்கு மேல் விலை. வாங்கிவிடலாம், ஆனால் அதன் ஒருத்தனுடைய பாயிண்டே 2,000-ஐத் தாண்டுவதால் வழக்கமான ஆட்டத்தில் நிறுத்தவே முடியாது. வீட்டில் ஷோகேஸில் வைத்து விருந்தாளிகளை மிரட்டலாம்.

ஆஹா, என்ன நியாயம் என்று நினைத்தேன். நண்பன் மட்டும் ஏனோ ஹாலின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. போன வருஷம் இவன் ஒரு காரியம் செய்திருக்கிறான். புதுசாக வாங்கினால் கட்டுப்படி ஆகாது என்று, செகண்ட் ஹேண்டில் ஒரு மூட்டை பொம்மை பிடித்தான். அதில் மூன்று பறக்கும் வண்டிகள், 'லேண்ட் ஸ்பீடர்' என்று பெயர். கூடவே ஒரு பழைய கோடெக்ஸ். கோடெக்ஸ் என்றால் அந்தந்தப் படைக்கு என்ன சக்தி என்று சொல்லும் விதிப் புத்தகம். எல்லாம் சேர்த்து அடிமாட்டு விலை. பையன் ஒரு கோடை லீவு முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்றுக்கும் நீலப் பெயின்ட் அடித்தான். ஓட்டுகிறவனின் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து தெறிப்பதற்கு மட்டும் இரண்டு நாள். அவன் அம்மா சாப்பாட்டை ஊட்டியே விட்டாளாம்.

ஏன் அவ்வளவு சீப் என்று அப்புறம்தான் தெரிந்தது. 2023-ல் பத்தாம் பதிப்பு வந்தபோது கம்பெனி அந்த வண்டிகளை 'லெஜண்ட்ஸ்' என்ற பட்டியலுக்கு மாற்றிவிட்டது. நம்ம ஆபீஸ்களில் வி.ஆர்.எஸ். கொடுத்து, மாலை போட்டு, சந்தனமாலை வாசனையோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது மாதிரி. விதி இலவசமாகவே கிடைக்கும், நண்பர்களோடு ஆடலாம், போட்டிகளுக்கு உகந்ததல்ல. இவன் கிளப்போ இந்த வருஷம் போட்டி விதிக்கு மாறிவிட்டது. சரி, புத்தகமாவது உதவுமா? கோடெக்ஸுக்குள் கைபேசி ஆப்பைத் திறக்க ஒரு ரகசிய எண் இருக்கும். ஒரு தடவைதான் செல்லும். பழைய சொந்தக்காரர் எப்போதோ உபயோகித்துவிட்டார். சுரண்டின ரீசார்ஜ் கார்டு!

"பி.காம். ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன்.

"மூடு" என்றான்.

இன்னொரு பையன் இருக்கிறானாம், அதே கிளாஸ். அவனுக்கு எந்தப் பெட்டி புதுசாக வந்தாலும் சனிக்கிழமை மேஜைக்கு வந்துவிடும். பெயின்ட்கூட அடிப்பதில்லை, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காகவே நிற்கும். போன மாசம் இவனை இரண்டாவது ரவுண்டிலேயே துடைத்துவிட்டிருக்கிறான்.

ஆயிரமும் ஆயிரமும் சமம்தானே, எப்படி? இங்கேதான் என் காமர்ஸ் மூளை லேசாக விழித்தது. பாயிண்ட் என்பது கம்பெனி போடும் விலை. அதில் தப்பு நடக்கும். கோடெக்ஸில் ஒரு வரி, 'குறி தப்பினால் மறுபடி உருட்டலாம்' என்று இருந்தால் என்ன ஆகும்? மூன்றும் அதற்கு மேலும் விழுந்தால் குறி பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 பகடைக்குச் சராசரியாக 12 படும். மறுபடி உருட்டும் பாக்கியம் இருந்தால் 16. அந்த வரிக்குச் சரியான பாயிண்ட் ஏற்றாமல் விட்டுவிட்டால் அந்தப் பொம்மை கடையில் பறக்கும். யாருக்கு முதலில் கிடைக்கும்? அன்றைக்கே வாங்கக் காசு இருக்கிறவனுக்கு.

பக்கத்து மேஜையில் அறுபது வயசு இருக்கும் ஒரு வெள்ளைக்காரர், ஈயத்தில் வார்த்த பழைய ஆர்க் படையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எண்பதுகளில் வாங்கியவையாம். ஒவ்வொன்றும் நம்ம படிக்கல் கனம். நாங்கள் பேசுவதை எப்படியோ புரிந்துகொண்டு சேர்ந்துகொண்டார்.

"ஜெயிப்பை விற்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். வாடகைக்குத்தான் விடுகிறார்கள்" என்றார்.

அவர் சொன்ன உதாரணம் 2022-ல் நடந்தது. 'லீக்ஸ் ஆஃப் வோட்டான்' என்று குள்ளர் படை ஒன்று வந்தது. அதன் கோடெக்ஸைப் படித்துப் பார்த்தவர்கள் மிரண்டுபோனார்கள். போட்டி நடத்துகிறவர்கள் சிலர் இந்தப் படைக்கு அனுமதியே கிடையாது என்று அறிவிக்க, கம்பெனியே அவசரமாக விதியை மாற்றிப் பாயிண்டையும் ஏற்றியது. அச்சடித்த புத்தகத்தில் மை காய்வதற்குள் உள்ளே இருந்த கணக்கு செல்லாக் கணக்கு. பாயிண்ட் திருத்தம் இலவசமாகத்தான் வரும். ஆனால் இன்று ஏறுமுகத்தில் வாங்கியவன் பசை காய்வதற்குள் இறங்குமுகத்தில் நிற்பான். புதுசாக வருவதெல்லாம் பலசாலி என்றும் சொல்ல முடியாதாம். சப்பையாக வந்து கடையிலேயே தூசி படிந்தவையும் உண்டு. வாங்குகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் விழாத சீட்டை ஞாபகம் வைத்துக்கொள்கிறானா?

எனக்கு டெப்ரிஸியேஷன் ஞாபகம் வந்தது. 2017, 2020, 2023 என்று மூன்று மூன்று வருஷத்தில் புதுப் பதிப்பு. பழைய கோடெக்ஸ் எல்லாம் உடனேயோ நாளடைவிலோ எடைக்குப் போடும் சரக்கு. ஒன்று முப்பது பவுண்டு வாக்கில். பிளாஸ்டிக் தேயாது, உடையாது, நூறு வருஷம் இருக்கும். தேய்வது விதி. இப்படி ஒரு தேய்மானத்தை எங்கள் புரொபசர் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தெரிந்திருந்தால் அவரும் இந்தக் கம்பெனி ஷேரை வாங்கிப் போட்டிருப்பார். 2024 டிசம்பரில் அது லண்டன் பங்குச்சந்தையின் முதல் நூறு கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது. 2025 ஜூன் முதல் தேதியோடு முடிந்த கணக்கு வருஷத்தில் வருமானம் 61 கோடி 75 லட்சம் பவுண்டு, வரிக்கு முந்திய லாபம் 26 கோடி 28 லட்சம். நூறு ரூபாய்க்கு நாற்பத்திரண்டு ரூபாய் லாபம். ராபின் ஹூட்டைத் துரத்திய ஷெரிஃப்கூட வரி வசூலில் இந்த அளவுக்குப் போயிருப்பாரா, சந்தேகம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஹாலில் யார் முகத்திலும் ஏமாந்த களை இல்லை. கொல்லுவதும் சாவதுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் வண்டிகளை எடுத்து வை, பார்க்கலாம்" என்றார் பெரியவர் பையனிடம்.

"அது லெஜண்ட்ஸ்... செல்லாது" என்றான் பையன் தரையைப் பார்த்து.

"என் ஆளுங்களில் பாதிப் பேர் உங்கப்பாவை விட வயசானவர்கள். நாம ரெண்டு பேரும் சரின்னா சரி."

பையன் டப்பாவைத் திறந்து பஞ்சுக்குள்ளிருந்து மூன்றையும் எடுத்து வைத்தான். பெரியவர் ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த வெளிச்சத் தெறிப்பை ரொம்ப நேரம் பார்த்தார். "எவ்வளவு நாள்?" என்றார். "ரெண்டு" என்றான் பையன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இரண்டரை மணி நேரம் ஆடினார்கள். கடைசி ரவுண்டில் பையனுக்கு ஒரு நாலு விழ வேண்டியிருந்தது. ஒன்று விழுந்தது. ஓர் ஈய ஆர்க், கோடரியை ஓங்கியபடி கடைசி வண்டியைத் தரையிறக்கிவிட்டான். பையன் தோற்றான். தோற்றுவிட்டு ஏன் இப்படிச் சிரிக்கிறான் என்று நண்பனுக்குப் புரியவில்லை. கணக்கு பார்க்கிறவர்களுக்குச் சில விஷயம் லேட்டாகத்தான் புரியும்.

வெளியே வர வேண்டுமென்றால் கடை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. (நம்ம கோயில் பொருட்காட்சிகளிலும் இதே டெக்னிக்தான்.) பிறந்தநாளுக்குச் சேர்ந்த நாற்பது பவுண்டு பையன் பையில் இருந்தது. அந்த மாசம் எல்லோரும் அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெட்டிக்கு முன்னால் நின்றான். கையில் எடுத்தான். பின்பக்கம் படித்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். கடைசியில் ஒரு நீலப் பெயின்ட் டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். நண்பன் என்னைப் பெருமையாகப் பார்த்தான். 'என் வளர்ப்பு' என்று அதற்கு அர்த்தம்.

காரில் பின்சீட்டிலிருந்து பேனா கீறும் சத்தம் கேட்டது.

"என்னடா எழுதற?"

"சனிக்கிழமை கிளப்புக்கு லிஸ்ட் குடுக்கணும்ப்பா. லேண்ட் ஸ்பீடர் இல்லாம 760 தான் வருது." சிறிது மௌனம். "இன்னும் 240 பாயிண்ட் வேணும்."

"240 பாயிண்ட்னா எத்தனை பவுண்டு?" என்றேன் நான், சும்மா இருக்கமாட்டாமல்.

நண்பன் என்னை முறைத்துவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தான்.