உட்கார்ந்து சாப்பிடுதல்

மதுரையில் எந்த நேரத்தில் எது எங்கே சூடாகக் கிடைக்கும் என்று ஓர் ஆணிடம் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் பருத்திப்பால், மதியம் அயிரை மீன் குழம்பு, சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, இரவில் பன் பரோட்டா, இரண்டாம் ஆட்டம் விட்டால் சிம்மக்கல்லில் கறி தோசை என்று கடிகாரத்தோடு சேர்த்துச் சொல்வார். வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த மாஸ்டர் கல்லில் நின்றால் பரோட்டா நன்றாயிருக்கும் என்பதும் அதில் அடங்கும். அதே வீட்டுப் பெண்களுக்கும் இந்தப் பண்டங்கள் எல்லாம் தெரியும். பார்சலாகத் தெரியும். வாழையிலையில் வைத்து, செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டி, ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கி வந்து சேர்ந்த, ஆறிப்போன பரோட்டாவும் ஊறிப்போன தோசையும்தான் இந்த ஊர்ப் பெண்களில் பலர் அறிந்த மதுரைச் சுவை.

என் அம்மா மேலமாசி வீதிக்கு நடந்து போகிற தூரத்தில் முப்பது வருடம் குடியிருந்தவர். அங்கே ஒரு கடையில்கூட உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கேட்டால், "ஏன், வீட்டுல சோறு இல்லையா?" என்பார். வீட்டில் எப்போதும் சோறு இருந்தது உண்மைதான். அது இருந்ததற்குக் காரணம் அவர் எங்கும் போகாமல் இருந்தது. தான் வடித்த சோற்றையே தான் வெளியே சாப்பிடாமல் இருப்பதற்கான காரணமாகவும் அவர் சொல்ல வேண்டியிருந்தது.

நான் வெளியே சாப்பிடத் தொடங்கியது ஆசையால் அல்ல. காலையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வகுப்பு, பிற்பகலில் முனைவர் பட்ட ஆய்வுக்காக நூலகம். நடுவில் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் பஸ் காசும் போகும், படிக்கிற நேரமும் போகும். கையில் இருந்த சம்பளத்துக்கு மலிவான கடைதான் கட்டும். மதுரையில் மலிவான கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் உள்ளே நுழைந்ததும் வரும் கேள்வி ஒன்று உண்டு.

"எத்தன பேரு மேடம்?"

"ஒருத்தர்தாண்ணே."

"பார்சலா?"

இல்லை, இங்கேயே சாப்பிடுகிறேன் என்றால், மேலே கை காட்டுவார்கள். "ஃபேமிலி ரூம் மாடில இருக்கு." தனியாக வந்த ஒருத்தியை ஒரு நொடியில் குடும்பமாக்கி மாடிக்கு அனுப்பிவிடும் ஏற்பாடு இது. மாடியில் ஏ.சி. ஓடும். கீழே தந்த அதே தோசைக்கு அங்கே விலை கூடுதல். ஒருவரும் மிரட்டுவதில்லை, ஒருவரும் கதவை அடைப்பதில்லை. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கீழே இருக்கும் மலிவு ஆண்களுக்கு, மாடியில் இருக்கும் மரியாதை கூடுதல் காசு தரும் பெண்களுக்கு என்று கணக்கு முடிந்துவிடுகிறது. மலிவான உணவு கிடைக்கும் ஊர் என்று மதுரையைப் புகழும்போது, யாருக்கு மலிவு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை அந்த மாடிப்படிகளில்தான் படித்தேன்.

கீழே இடம் கிடைத்த கடைகளும் இருந்தன. அவற்றில் பல, பெண்கள் நடத்துபவை. காலை ஆறு மணிக்கு வீட்டுத் திண்ணையிலோ தெருமுனையிலோ அடுப்பைப் பற்ற வைத்து, துணி விரித்த தட்டில் இட்லி ஊற்றி, எட்டரைக்குள் எல்லாம் விற்றுப் பாத்திரம் கழுவிவிடும் கடைகள். ஒரு பலகை, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். "வா தாயி, உக்காரு" என்று சொல்லித் தட்டில் இலையைப் போடுவார்கள். எத்தனை பேர் என்று கேட்டதில்லை. எத்தனை இட்லி என்று மட்டும் கேட்பார்கள்.

இந்தப் பெண்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? பரோட்டா போடும் ஆண் மாஸ்டர். டீ ஆற்றும் ஆண் மாஸ்டர். கல்யாணச் சமையல்காரரும் மாஸ்டர்தான். இருபது வருடமாக ஒரே பதத்தில் மாவரைத்து, மூன்று சட்னி அரைத்து, கடனுக்குச் சாப்பிட்டவர்களின் கணக்கை மனதிலேயே வைத்திருக்கும் பெண்ணோ இட்லிக்கார அம்மா, இல்லையென்றால் ஆயா, அக்கா. உறவுமுறையில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அம்மா போடும் சோற்றுக்கு விலை கேட்பது எப்படி நமக்குக் கூச்சமோ, அப்படியே இட்லிக்கார அம்மா ஒரு ரூபாய் ஏற்றினாலும் முணுமுணுக்கிறோம். மாஸ்டர் இருக்கும் கடையில் விலைப்பட்டியலைத் திருத்தி ஒட்டினால் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பெண்கள் இந்த ஊரில் தின்பண்டம் விற்பது புதிதல்ல. பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நரைத்த கூந்தலுடைய முதிய பெண்களைக் காட்டுகிறார். அவர்கள் அழகிய செப்புகளில் பண்ணியம் வைத்துக்கொண்டு, பூவோடு வீடு வீடாகப் போகிறார்கள். அதே பாட்டில் இரவில் அடையும் மோதகமும் விற்கும் கூவியர் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறார்கள். தூங்கா நகரம் என்று பெருமை பேசும் ஊரில், தூக்கத்தை விற்றுத்தான் சிலர் பலகாரம் விற்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்த செய்தி. இன்றைக்கு இட்லிக் கடை வைத்திருக்கும் பெண், இரவு பத்துக்குப் பாத்திரம் விளக்கிப் படுத்து, விடியுமுன் எழுந்திருக்கிறாள். அவளுடைய தூக்கமும் அந்த இட்லியின் விலைக்குள் இருக்கிறது. யாரும் அதை எண்ணிக் கொடுப்பதில்லை.

மதுரையின் உணவு ஒரே கையால் ஆனதல்ல. தெற்கு மாசி வீதி, மகால் பக்கம் போனால் சௌராஷ்டிரர்களின் முள்ளு முருங்கை வடை. இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்த பச்சை வடை, மேலே காரப்பொடி தூவிக் கையில் தருவார்கள். தறிச் சத்தம் கேட்ட தெருக்களின் பலகாரம் அது. காஜிமார் தெருவில் ரமலான் மாத மாலைகளில் நோன்புக் கஞ்சியின் வாசனை. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் வடக்கிலிருந்து வந்தவர்களின் சப்பாத்தியும் பருப்பும். மெஸ் என்று பெயர் வைத்த அசைவக் கடைகளில் தலைக்கறி, குடல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், கோலா உருண்டை. வேறெங்கோ வீசி எறிகிற பாகங்களை ருசியாக்கியவர்கள் யார் என்று யோசித்தால், இறைச்சியின் நல்ல துண்டு கிடைக்காத வீடுகளின் பெண்கள் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கைப்பக்குவம் கடைக்கு வந்ததும் மாஸ்டருடையதாகிவிட்டது.

இத்தனை வகை இருப்பதால் எல்லோரும் எங்கும் உட்கார முடிந்தது என்று பொருளாகாது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். தென்மாவட்டத்துக் கிராமங்களில் தேநீர்க்கடைகளின் இரட்டைக் குவளைக்கு எதிராக அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது. யார் எங்கே உட்காரலாம், யார் நின்றுகொண்டு குடிக்க வேண்டும் என்பது நம் ஊரில் பசியின் கேள்வியாக இருந்ததே இல்லை. சாதி போட்ட அந்தப் பலகையில் பெண்ணுக்கான இடத்தையும் சேர்த்தே அளந்திருக்கிறார்கள்.

2013இல் தொடங்கிய அம்மா உணவகங்களை நான் மறக்க முடியாது. ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். அரசியல் விமர்சனங்கள் எத்தனையோ இருக்கலாம். சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் சுய உதவிக் குழுப் பெண்கள். டோக்கன் வாங்கும் வரிசையில் பூக்காரப் பெண்ணும் சுமை தூக்குபவரும் கல்லூரிப் பிள்ளையும் நிற்பார்கள். அங்கே தனியாக வந்த பெண்ணை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சமையல் தெரிந்த பெண்ணுக்கு அதற்காகவே கூலி கொடுத்து, சமைக்க நேரமில்லாத பெண்ணுக்கு மலிவாகச் சோறு போட முடியும் என்று அந்த இடம் காட்டியது. குறை ஒன்று உண்டு. அங்கே நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குச் சொன்னவள் ஒரு மாணவி. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை நடத்திக்கொண்டிருந்தேன். மதுரைக்கு வந்த கண்ணகி, ஆயர் குடியிருப்பில், மாதரி தந்த காய்களையும் சாலி அரிசியையும் கொண்டு சமைக்கிறாள். ஐயை அடுப்பு மூட்டித் தருகிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, புகையில் கண் சிவக்கிறது. இளங்குருத்து வாழையிலையில் கோவலனுக்குப் பரிமாறுகிறாள். அவன் உண்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு தருகிறாள். அவன் சிலம்பை வாங்கிக்கொண்டு போகிறான்.

"அம்மா, அவ எப்ப சாப்பிட்டா?"

இளங்கோ அதைச் சொல்லவில்லை என்றேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு நான் கேட்டேன், உங்களில் யார் ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று. நாற்பது பேரில் மூன்று கைகள் உயர்ந்தன. கை தூக்காதவர்களில் ஒருத்தி சனி, ஞாயிறுகளில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். "பகல் பூரா நின்னு கால் வீங்கிரும்மா. ராத்திரி பஸ் ஏறதுக்கு முன்னாடி கையேந்தி பவன். அதையும் நின்னுக்கிட்டே சாப்பிடணும். உக்காந்து சாப்பிடுற கடைல ஒத்தையா போனா ஒரு மாதிரி பாப்பாங்க" என்றாள்.

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் செய்தது. தமிழ்நாடும் 2021இல் தன் சட்டத்தைத் திருத்தியது. உட்காருவதற்கே ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டதைச் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். 2019இல் கடைகளை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்து வைக்க அனுமதித்த அரசாணை, பெண் ஊழியர்களைச் சாதாரணமாக இரவு எட்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும், எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டுமே அதற்கு மேல் என்றும் சொன்னது. பாதுகாப்பை எண்ணிச் சொன்னதுதான். ஆனாலும் தூங்கா நகரத்தில் எட்டு மணிக்குப் பிறகு விழித்திருக்கப் பெண் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை மதியம் நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் மிச்சமான காசு மேசைக்குப் போகும் என்பது எங்கள் கணக்கு. பெரியார் நிலையத்தில் இறங்கி, முன்பே பேசி வைத்தபடி ஒரு மெஸ்ஸின் கீழ்த்தளத்தில் ஆளுக்கொரு மேசையாக உட்கார்ந்தோம். பரிமாறுபவர் குழம்பிப் போனார்.

"எல்லாரும் ஒண்ணாத்தான வந்தீங்க? மேல சேத்துப் போட்டுத் தரவா?"

"வேண்டாண்ணே, தனித்தனியாவே இருக்கோம்."

வேறொன்றும் நடக்கவில்லை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு தங்கள் இலைக்குத் திரும்பிக்கொண்டார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தியிடம், "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டுவிட்டு ரசத்தைப் பிசைந்தார். கை கழுவும் இடம் விசாலமாக இருந்தது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் இரண்டு பேர் தண்ணீரே குடிக்கவில்லை. மதுரையின் மலிவான கடைகளைப் பற்றி எழுதுபவர்கள் குறித்து வைக்க வேண்டிய விவரம் இதுவும்.

வெளியே வந்ததும் ஜவுளிக்கடைப் பெண் சொன்னது வேறு. "அம்மா, நான் கேக்காமலே ரெண்டாவது தடவ குழம்பு ஊத்துனாரு. வேணுமா வேணுமான்னு கேட்டாரு. என்னைய யாரும் அப்பிடிக் கேட்டதே இல்ல." அவள் வீட்டில் கேட்பவள் அவள்தான். தம்பிக்கு, அப்பாவுக்கு, வந்தவர்களுக்கு. எண்பது ரூபாய்க்கு அன்று அவள் வாங்கியது ஒரு சாப்பாடும், எழுந்திருக்காமல் சாப்பிட்டு முடிக்கிற இருபது நிமிடமும்.

கறி தோசையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். கனமாக ஊற்றிய மாவின் மேல் முட்டையை விட்டு, அதன் மேல் வேகவைத்துச் சுருட்டிய கறியைப் பரப்பி, திருப்பிப் போட்டு எடுப்பார்கள். கல்லிலிருந்து இறங்கிய சில நிமிடங்களுக்கு ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் பஞ்சாகவும் இருக்கும். பார்சலில் கட்டியதும் ஆவியில் வெந்து எல்லாம் ஒரே பதமாகிவிடும். வீட்டுக்கு வரும்போது அது வேறு பண்டம். யாராவது வாங்கி வந்து தருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள். எத்தனை பேர் என்று கேட்டால் ஒருத்தர் என்று சொல்லி, கீழேயே உட்காருங்கள்.