இறங்கி வரும் வழி

காவிரிப் பாசனத்தின் கடைமடையிலே, பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம் வட்டாரங்களில், நெல்வயலுக்கு அடுத்தபடியாக நம் கண்ணை நிறைப்பது தென்னையே. தோப்புடையவரும் கொல்லையில் இரண்டு மரம் உடையவரும் தேங்காயின் விலையை அறிவர். அதைப் பறிக்க அறுபதடி உயரம் சென்றவர் எவ்வாறு மண்ணுக்குத் திரும்புகிறார் என்பதை நின்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? மரமேறுதல் என்றே இத்தொழிலுக்குப் பெயர் வைத்துவிட்டோம். அதன் கடினமான பாதியாகிய இறங்குதலுக்குப் பெயரில்கூட இடமில்லை.

ஏறும்போது உடலில் தெம்புண்டு. பிடிக்கும் இடம் கண்ணெதிரே இருக்கும். இறங்கும்போதோ அரிவாள் வீசிய கை சோர்ந்திருக்கும். கால் வைக்கும் இடம் தெரியாது. நம் தோப்பில் பல்லாண்டு காய் பறித்த முதியவர் ஒருவர், ஏறும்போது கண்ணை நம்புவதாகவும், இறங்கும்போது காலையே கண்ணாகக் கொள்வதாகவும் நம்மிடம் கூறியதுண்டு.

அவர் இறங்கும் முறையை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். இரு பாதங்களையும் இணைப்பது தளை. முதலில் கைகள் மரத்தை அணைத்து உடலைத் தாங்கும். பாதங்கள் சற்றே தளர்ந்து ஒரு முழம் கீழே வரும். மரத்தின் இரு புறமும் அவற்றை அழுத்தியதும் தளை இறுகும். கால் ஊன்றியது உறுதியான பின்னரே கைகள் இறங்கும். கையும் காலும் ஒரே கணத்தில் நகர்வதில்லை.

ஆயினும் தளை, கால் வழுக்குவதைத்தான் தடுக்கும். கை நழுவினால் உடலைத் தாங்காது. அதற்கு இரண்டாவது கயிறு வேண்டும். இடுப்புப் பட்டையிலிருந்து மரத்தைச் சுற்றி வரும் கயிறு, உடல் பின்னே சாயும்போது இறுகும். உடலை மரத்தோடு நெருக்கினால் தளரும். அப்போது அதை ஓரடி கீழே நகர்த்தலாம். மரத்தை இருமுறை சுற்றினால் பிடி வலுக்கும். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் விளக்கிய முடிச்சின் நுட்பமும் இத்தகையதே: பாரம் விழுந்தால் இறுகும், பாரம் நீங்கினால் நகரும். கிளையுள்ள மரங்களில் ஏறி இறங்குவோரும் அதைக் கையாள்கின்றனர்.

இளநீர்க் குலையையும் தனிக் கயிற்றில் கட்டிக் கீழே விடுவதே முறை. அதைச் சுமந்துகொண்டு எவரும் இறங்கலாகாது. காய்ந்த மட்டையைப் பற்றுவதும் கூடாது; அது எக்கணமும் கழன்றுவிடும்.

கயிற்றைத் தாங்குவது மரமாதலால், ஏறுமுன் அதன் அடியையும் பார்க்க வேண்டும். 1952-இல் நம் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற நோயில், தண்டின் அடியிலிருந்து செம்பழுப்பு நீர் கசியும். அடிப்பகுதியும் வேரும் அழுகும். 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயல் எண்ணற்ற தென்னைகளைச் சாய்த்ததை நாம் மறக்கவில்லை. புயலில் வேர் அசைந்து சாய்ந்து நிற்கும் மரமும், ஐப்பசி மழையில் பாசி பிடித்த மரமும் ஏறத்தக்கவை அல்ல.

இவற்றை மரமேறுவோர் அறியாதவர் அல்லர். பின் ஏன் பலர் இரண்டாவது கயிறின்றி ஏறுகின்றனர்? மரத்துக்கு இவ்வளவு என்று நாம் கூலி பேசுகிறோம். கயிற்றை நகர்த்தி நகர்த்தி இறங்கும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நட்டம். அவர் அவசரத்தில் நம் பங்கும் இருக்கிறது. விதி இருந்தால் விழட்டும் என்பாரும் உளர். செய்ய வேண்டியதைச் செய்த பின்னர் வருவதே தவக்குல். கயிறு கட்டாத அசட்டைக்கு அப்பெயர் பொருந்தாது.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறும் கருவியில் இளைஞர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் அளித்தது. அத்துணை பெரிய ஏற்பாடு நம்மால் ஆகாது. ஆனால் தோப்புக்கு ஒரு நல்ல இடுப்புப் பட்டையும் கயிறும் வாங்கி வைக்கலாம். அவற்றைக் கட்டி இறங்கும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி பேசலாம். மழை நாளில் ஆள் அனுப்பாதிருக்கலாம். அடுத்த பறிப்புக்குமுன் இம்மூன்றையும் செய்துவிடுவோம்.