இன்ஜினைத் தண்ணீரில் முக்கிய அப்பா

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்து போன மறுநாள், நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்பாடி வண்டிகளில் டீசல் இன்ஜின்கள் எங்கள் ஷெட்டுக்கு வர ஆரம்பித்தன. மயிலாப்பூரில் அப்பா சின்னதாக மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

படகுக்காரர் ஒருவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றப் போனார். அப்பா பதறிப்போய்த் தடுத்தார்.

"சுத்தாதப்பா! காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. சிலிண்டர்ல தண்ணி இருந்தா ராடு வளைஞ்சிடும்."

உடனே கழற்ற முடியாத இன்ஜின்களை நல்ல தண்ணீர் டிரம்மில் முக்கி வைத்தார். எல்லோரும் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உப்பு ஈரத்தோடு காற்றும் பட்டால்தான் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அதனால்தான் அந்த டிரம்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். நல்ல தண்ணீரில் அலசி, ஆயிலை இறக்கினார். அது பால் கலந்த காபி நிறத்தில் வந்தது. இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றினார். டேங்கைக் காலி செய்து ஃபில்டரை மாற்றினார். புது ஆயில் ஊற்றி ஓட்டி, இறக்கி, மறுபடியும் ஊற்றினார். ஆயில் தெளிவாக வரும்வரை விடவில்லை.

அன்று ஓர் அண்ணன் என்னிடம் தனியாகக் கேட்டார்: "தம்பி, கணக்கெடுக்க வருவாங்களாம். ரிப்பேர் பண்ணிட்டா நஷ்ட ஈடு கிடைக்காதோ?"

"வர்ற வரைக்கும் தொடாதீங்கண்ணே" என்றேன், ரொம்பத் தெரிந்தவன் மாதிரி.

அவர் இன்ஜினைக் கொண்டுவந்தபோது இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. அப்பா ஒரு நாள் முழுக்கப் போராடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னதை அந்த அண்ணன் அப்பாவிடம் சொல்லவே இல்லை. அந்த வருடம் அவர் இன்னொருவர் படகில் கூலிக்குப் போனார்.

இப்போது ஷெட் என் பொறுப்பில் இருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது, முழுகிய ஜெனரேட்டர்களுக்காக நிறைய பேர் போன் செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: "ஸ்டார்ட் பண்ணாதீங்க. இருக்கிறபடியே போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. யாருக்காகவும் காத்திருக்காம உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

அன்று அந்த அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டியதும் கிட்டத்தட்ட இதுதான்.