விரியாத கத்தி

தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவிய அப்பாவுக்கு, ஓய்வுக்குப் பிறகு தூண்டில்தான் உலகம். ஞாயிறு விடிந்தால் சுங்கை பட்டாணியிலிருந்து தஞ்சோங் டாவாய்க்குக் கிளம்பிவிடுவோம்.

போன மாதம் பெரிய மீன் ஒன்று இழுத்த இழுப்பில், தூண்டில் நரம்பு அப்பாவின் விரலைச் சுற்றி இறுகியது. என் மடக்குக் கத்தியை எடுத்தேன். விரியவே இல்லை. அலகு பளபளவென்றுதான் இருந்தது. மடங்கும் இடத்துக்குள் துரு. பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் பெரியவர் நரம்பை அறுத்துவிட்டார். வானொலியில் மணிக்கணக்கில் பேசும் எனக்கு அன்று நா எழவில்லை.

பிறகுதான் விசாரித்தேன். குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால்தான் அது ஸ்டெயின்லெஸ். குரோமியம் தரும் மெல்லிய படலம்தான் எஃகுக்குக் காப்பு. கடலுப்பு அதையும் துளைக்கும். கூர்மை நிற்கக் கார்பனைக் கூட்டினால், அது குரோமியத்தில் ஒரு பங்கைக் கட்டிப்போட்டுவிடும். ஆகவே கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1, எல்சி200என் வகை எஃகுகள் கடலுக்கு ஏற்றவை. அலகு மட்டும் நன்றாக இருந்தால் போதாது. திருகும் உள்தகடும் துருவைத் தாங்க வேண்டும். ஒரு கையால் விரிய வேண்டும், விரிந்ததும் பூட்டிக்கொள்ள வேண்டும். உட்புறம் தண்ணீர் ஓடிக் கழுவும்படி திறந்திருந்தால் இன்னும் நல்லது.

புதுக் கத்தியை அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரிதான்டா. கழுவுவியா?”

தன் கத்தியைத் தினமும் தீட்டித் துடைத்து வைத்த மனிதர் கேட்கிறார். இப்போது வீடு திரும்பியதும் முதல் வேலை அதுதான்: விரித்து நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மடங்கும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். மீன் கழுவுவது அதற்குப் பிறகுதான்.